அம்மாவுக்கு எந்த ஏரி?

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 69 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 64, முட்டிவலி. இருவரும் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார்கள். அவர்களை இத்தாலியின் ஏரிப் பக்கம் ஒரு பத்து நாள் ஓய்வாக அழைத்துப்போக ஆசைப்படுகிறேன். ஓர் ஏஜென்சி கொடுத்த திட்டத்தில் கோமோ, கார்டா, மஜோரே, வெனிஸ், ரோம் என்று 9 இரவுக்கு 5 ஹோட்டல் இருக்கிறது. இது சரிவருமா? ஒரே ஏரி போதும் என்றால் எந்த ஏரி? அம்மா வேறு, "ஏரியைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

அந்தத் திட்டம் வேண்டாம். ஐந்து ஹோட்டல் என்றால் பெட்டியை அடுக்கிப் பிரித்து, இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய காலைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இத்தாலியின் சின்ன ரயில் நிலையங்களில் பெட்டி தூக்க ஆள் கிடைக்க மாட்டார்கள். சில இடங்களில் அடுத்த பிளாட்பாரத்துக்குப் போக சுரங்கப்பாதைப் படிதான். ரயிலில் ஏறுவதற்கும் இரண்டு மூன்று படி. முட்டிவலிக்காரருக்கு இதுவே ஒரு நாள் வேலை.

என் தொழிலின் ஆரம்ப வருடங்களில் நானும் இப்படி ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தேன். அறுபதைத் தாண்டிய தம்பதி. நான்கு ஊர், எட்டு நாள். திரும்பி வந்த பிறகு அந்த அம்மா என்னிடம், எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பதே கலந்துபோய்விட்டது, பெட்டி இழுத்ததுதான் ஞாபகம் இருக்கிறது என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றிலிருந்து வயதானவர்களுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே கட்டில் என்பதை நான் மீறுவதில்லை.

ஆக என் பதில் இது: மஜோரே ஏரி, ஸ்ட்ரேசா என்ற ஊர், அங்கே 7 இரவு. கடைசி 2 இரவு மிலானில். ரோமும் வெனிஸும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

முதலில் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. நாம் ஏரி என்று சொல்வது பெரும்பாலும் மனிதர்கள் கரை போட்டு மழைநீரைத் தேக்கியது. மதகு இருக்கும், கீழே வயல் இருக்கும், கோடையில் தரை தெரியும். வட இத்தாலியின் ஏரிகள் பிறந்த விதமே வேறு. பனிக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறுகள் பள்ளத்தாக்குகளைக் குடைந்துகொண்டே வந்தன. பனி உருகியதும் அந்தக் குடைவில் தண்ணீர் நின்றது. மஜோரேயின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 193 மீட்டரில் இருக்கிறது. ஆனால் ஆழமான இடத்தில் அதன் ஆழம் 370 மீட்டர். அதாவது ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. அவ்வளவு தண்ணீர் கோடையின் சூட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் மெல்ல விடுகிறது. அதனால்தான் பின்னால் பனி மூடிய சிகரம் நிற்க, கரையில் பனைவகை மரங்களும் எலுமிச்சையும் வளர்கின்றன. இந்த இரண்டும் ஒரே பார்வையில் தெரிவதை அம்மா அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் இந்தக் கேள்வியை அவரிடம் மறுபடி கேளுங்கள்.

சரி, எல்லோரும் சொல்லும் கோமோ ஏன் இல்லை? அழகில் அதற்குக் குறை எதுவும் இல்லை. கவட்டைக் குச்சியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி வடிவம். கவை பிரிகிற இடத்தில் பெல்லாஜியோ, எதிர்க்கரையில் வரென்னா. மிலானிலிருந்து வரென்னாவுக்கு நேர் ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து பெல்லாஜியோவுக்குப் படகில் கால் மணி நேரம். உங்கள் வயதில் நீங்கள் மட்டும் போவதானால் நான் யோசிக்காமல் வரென்னா என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த இரண்டு ஊரும் செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பவை. படங்களில் நீங்கள் பார்க்கும் அந்த அழகான சந்துகள் எல்லாமே கல் பாவிய படிக்கட்டுகள். காலை காபிக்கு இறங்கினால் அறைக்குத் திரும்ப ஏற வேண்டும். இரண்டாம் நாளே அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூமிலேயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். அதோடு, மிலானிலிருந்து ஒரே நாளில் வந்து போகிறவர்களின் கூட்டம் கோடையில் படகுத்துறையை நிறைத்துவிடும். உட்கார இடம் கிடைக்காத வரிசையில் நிற்பதும் முட்டிக்கு ஆகாது.

கார்டா இத்தாலியிலேயே மிகப் பெரிய ஏரி, சுமார் 370 சதுர கிலோமீட்டர். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், சைக்கிள், பாய்மரப் பலகை என்று ஆடுகிறவர்களுக்கும் நல்ல இடம். ரயில் அதன் தென்கரையை மட்டுமே தொடுகிறது. மற்ற ஊர்களுக்குப் பேருந்திலோ படகிலோ நீண்ட நேரம் போக வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம்.

ஸ்ட்ரேசாவை நான் சொல்வதற்கு முதல் காரணம் தரை. ஏரியை ஒட்டி நெடுக ஒரு சமதள நடைபாதை, வழியெல்லாம் பெஞ்சு. படகுத்துறை, கடைத்தெரு, சதுக்கம் எல்லாம் பக்கம் பக்கம். ரயில் நிலையம் கரையிலிருந்து பத்து நிமிட நடைதான். இரண்டாவது காரணம் மல்பென்சா விமான நிலையம். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மிலான் நகருக்குள் போகாமல் முன்பதிவு செய்த வண்டியில் நேரே ஹோட்டல் வாசலில் இறங்கலாம். திருச்சியிலிருந்து எப்படியும் நடுவில் விமானம் மாறித்தான் வர வேண்டும். அந்தக் களைப்புக்கு மேல் ரயில் ஏற வைக்காதீர்கள். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஏரியைப் பார்த்து நிற்கும் பெரிய ஹோட்டல்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வண்டிகள் ஓடும் சாலை இருக்கிறது. கோமோவின் சின்னச் சந்துகளில் இருக்கும் அமைதியை அந்தச் சாலையோரத்தில் எதிர்பார்க்க முடியாது.

முதல் நாள் எங்கும் போகாதீர்கள். இரண்டாம் நாள் தீவுகள். ஸ்ட்ரேசாவுக்கு எதிரே போரோமியோ குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படும் தீவுகள் இருக்கின்றன. படகுத்துறையில் தொப்பி போட்ட தனியார் மோட்டார் படகுக்காரர்கள் முதலில் வந்து பேசுவார்கள். பொதுப் படகுக்கான டிக்கெட் கவுன்டர் தனியாக இருக்கிறது, அங்கே போய், தீவுகளில் இஷ்டம்போல் ஏறி இறங்கும் ஒருநாள் டிக்கெட் கேளுங்கள். அந்தத் தீவுகளில் ஒன்றான ஈசோலா பெல்லா முன்பு வெறும் பாறையாக இருந்தது. 1632 வாக்கில் மூன்றாம் கார்லோ போரோமியோ அங்கே அரண்மனையைத் தொடங்கி, மனைவி இசபெல்லாவின் பெயரை வைத்தார். தோட்டம் பத்து அடுக்காக மேலே ஏறுகிறது, வெள்ளை மயில்கள் திரிகின்றன. அரண்மனையில் படி உண்டு. அதனால் அம்மாவின் கால் காலையில் தெம்பாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். ஒரே நாளில் மூன்று தீவையும் சுற்றிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். நீங்கள் இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

இன்னொரு தீவான ஈசோலா மாத்ரேயை நான் மனதில் தனியாக வைத்திருக்கிறேன். அங்கே கூட்டம் குறைவு, முழுக்கத் தோட்டம். அரண்மனை முன்னால் காஷ்மீர் சைப்ரஸ் என்று பெயர் பெற்ற ஒரு மரம், 150 வயதைத் தாண்டியது. 2006 ஜூனில் அடித்த சூறைக்காற்று அதை வேரோடு சாய்த்துவிட்டது. விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தவில்லை. கிரேன் கொண்டுவந்து நிமிர்த்தி, எஃகுக் கயிறுகளால் நாலா பக்கமும் இழுத்துக் கட்டிப் பிழைக்க வைத்தார்கள். இன்றும் அந்தக் கயிறுகளோடு நிற்கிறது. வீட்டில் செடி வளர்ப்பவர் யாராக இருந்தாலும் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள்.

ஸ்ட்ரேசாவிலிருந்து ஏரியின் வளைவுக்கு அந்தப் பக்கம் பல்லான்சாவில் வில்லா தாரந்தோ தாவரத் தோட்டம். நீல் மெக்கீகர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1931இல் இடத்தை வாங்கி உருவாக்கியது. படகு தோட்டத்து வாசலிலேயே நிற்கும். தாமரைக் குளம்கூட இருக்கிறது. பூத்துப் பார்க்க வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டும். அந்த வெயிலும் கூட்டமும் உங்களுக்கு வேண்டாம் என்பதால் தாமரையை விட்டுவிடுங்கள், மே மாதத்தில் அசேலியா போதும்.

இப்போது அப்பாவுக்கு. நான் ஸ்ட்ரேசாவைச் சொல்வதற்கு அவரும் ஒரு காரணம். ஸ்ட்ரேசா நிலையம் சிம்ப்ளான் பாதையில் இருக்கிறது. 1906இல் திறந்த சிம்ப்ளான் சுரங்கம் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். மலையைக் குடைந்த ரயில் சுரங்கங்களில் எழுபது வருடத்துக்கும் மேல் அதுதான் உலகிலேயே நீளமானது. நீங்கள் அந்தச் சுரங்கம் வரை போக வேண்டியதில்லை. ஸ்ட்ரேசாவிலிருந்து அரை மணி நேரத்தில் டோமோடோசோலா. அங்கே இறங்கி, சுவிட்சர்லாந்தின் லோகார்னோவுக்குப் போகும் சின்ன ரயிலில் ஏறுங்கள். 1923இல் திறந்த பாதை. 52 கிலோமீட்டரில் 83 பாலம், 31 சுரங்கம். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். அப்பாவிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: அது மீட்டர் கேஜ். ஊட்டி மலை ரயிலுக்கு எஞ்சின் செய்து கொடுத்த பணிமனையில் வேலை பார்த்தவருக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஊட்டிப் பாதையில் ஏற்றத்துக்குப் பல்தண்டவாளம் இருக்கிறது அல்லவா, இங்கே அது கிடையாது. 1000-க்கு 60 என்ற ஏற்றத்தைச் சாதாரணத் தண்டவாளத்திலேயே மின்சார வண்டி ஏறுகிறது. எப்படி என்பதை வழி முழுக்க உங்களுக்கு அவர் சொல்லிக்கொண்டு வருவார். வலது பக்கமா இடது பக்கமா என்று கவலைப்படாதீர்கள், பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி வரும்.

லோகார்னோ இதே மஜோரே ஏரியின் வடகோடி. பருவத்தில் அங்கிருந்து ஸ்ட்ரேசாவுக்குப் படகிலேயே திரும்பலாம். ரயிலும் படகும் சேர்ந்த டிக்கெட் மஜோரே எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். படகு எல்லா நாளும் இருக்காது, அந்த வார அட்டவணையை ஸ்ட்ரேசா படகுத்துறையில் கேட்டுக்கொண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். படகில் மூன்று மணி நேரம் நீளம்தான், ஆனால் உட்கார்ந்தே வரும் மூன்று மணி நேரம். மூன்று பேரின் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். இத்தாலிக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவே சுவிட்சர்லாந்துக்கும் செல்லும், தனி விசா தேவையில்லை. போனில் மட்டும் கவனம்: இத்தாலியில் வாங்கிய சிம் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க வேலை செய்தாலும் சுவிட்சர்லாந்து அதில் சேராது. எல்லை தாண்டும் முன் டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பில் எகிறிவிடும். ஸ்ட்ரேசாவில் காகித டிக்கெட் வாங்கினால் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் தேதி முத்திரை குத்திவிட்டு ஏற வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் முத்திரை இல்லை என்றால் அபராதம்தான்.

பழைய பயண நூல்களில் ஸ்ட்ரேசாவிலிருந்து மொத்தரோனே மலைக்குக் கேபிள் கார் என்று படித்திருப்பீர்கள். 2021 மே மாதம் அதில் நடந்த விபத்தில் 14 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அது நிறுத்தப்பட்டது. அதைத் திட்டத்தில் வைக்காதீர்கள்.

ஒரு நாள் டாக்ஸி வைத்து ஓர்ட்டா ஏரிக்குப் போய் வாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம், முக்கால் மணி நேரத்துக்குள். இத்தாலிய ஏரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 18 சதுர கிலோமீட்டர்தான். நடுவில் சான் ஜூலியோ என்ற ஒரு தீவு, படகில் ஐந்து நிமிடம். தீவில் கன்னியர் மடம், அதைச் சுற்றி ஒரே ஒரு சந்து. அந்தச் சந்து நெடுக மௌனத்தைப் பற்றிய சின்னச் சின்னப் பலகைகள் தொங்குகின்றன. படித்துக்கொண்டே மெதுவாக ஒரு சுற்று வந்துவிடலாம், அம்மாவுக்கும் முடியும். ஊருக்கு மேலே குன்றில் புனித பிரான்சிஸின் வாழ்க்கையைச் சிற்பமாகச் சொல்லும் 20 சிற்றாலயங்கள். 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. இன்று இவ்வளவு தெளிவாகத் தெரியும் இந்தத் தண்ணீர் அறுபது வருடத்துக்கும் மேல் செத்துக் கிடந்தது. 1926இல் கரையில் தொடங்கிய செயற்கைப் பட்டு ஆலையின் தாமிரமும் அம்மோனியமும் கலந்து நீர் அமிலமாகி மீனெல்லாம் ஒழிந்துபோனது. 1989, 1990 வருடங்களில் ஆயிரக்கணக்கான டன் சுண்ணாம்புக்கல் தூளைப் படகிலிருந்து ஏரியில் தூவினார்கள். நீர் திரும்பியது, மீனும் திரும்பியது. நம் ஊர் நீர்நிலைகளைப் பார்த்து மனம் நொந்த யாருக்கும் அந்தக் கரையில் நிற்பது பெரிய ஆறுதல்.

சாப்பாட்டில்தான் உங்களுக்கு அதிகக் கவனம் தேவை. "வெஜிடேரியன்" என்று சொன்னால் புரியும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் புரியாது. ரிசோத்தோ என்ற அரிசி உணவைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஆசை வரும். அதைப் பல இடங்களில் இறைச்சி வேகவைத்த சாற்றில்தான் கிளறுகிறார்கள். மினெஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப்பிலும் அப்படி நடக்கும். அதனால் "சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே, சென்ட்ஸா ப்ரோதோ" என்று எழுதிவைத்துக் காட்டுங்கள். இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு இல்லாமல் என்று அர்த்தம். முட்டைக்கு "சென்ட்ஸா உவோவா". கடையில் அன்றன்று செய்யும் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தா பொதுவாகக் கோதுமையும் தண்ணீரும்தான். பென்னே அராபியாத்தா கேளுங்கள்: தக்காளி, பூண்டு, மிளகாய். காரம் நம் நாக்குக்குப் போதாது, ஆனாலும் பிடிக்கும். பீட்சாவில் மரினாரா என்று ஒன்று. பெயரில் கடல் இருக்கிறதே தவிர மீன் கிடையாது, சீஸும் கிடையாது. பர்மேசான் சீஸில் கன்றின் வயிற்றுச் சுரப்பு சேர்கிறது. அம்மா அப்பாவுக்கு அது ஆகாது என்றால் எல்லாவற்றிலும் "சென்ட்ஸா பார்மிஜானோ" சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐஸ்கிரீமில் பழ வகைச் சொர்பெத்தோ கேளுங்கள், பாலும் முட்டையும் சேரும் வகைகளை விட்டுவிடலாம்.

அப்பாவின் சர்க்கரைக்கு ஒரு விஷயம். உணவகங்கள் மதியம் இரண்டரைக்குச் சமையலறையை மூடினால் மாலை ஏழுக்குத்தான் திறக்கும். நடுவில் பசித்தால் காபிக் கடையில் ரொட்டி கிடைக்கும், அவ்வளவுதான். கையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும். மாத்திரையைக் கைப்பையில், மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு வையுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பால் பொருட்களை ஐரோப்பாவுக்குள் பயணிகள் எடுத்துப்போக அனுமதி இல்லை, பச்சைச் செடிப் பொருளுக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள்.

சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. அடுப்பு இருந்தால் அம்மா அதன் முன்னால் போய் நின்றுவிடுவார். நீங்கள் நகர்த்தினாலும் நகர மாட்டார். எடுத்தே ஆக வேண்டும் என்றால், சமைப்பது நீங்களும் அப்பாவும் என்பதைத் திருச்சியிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பாஸ்மதி அரிசியும், "யோகுர்த் பியாங்கோ" என்ற இனிப்பில்லாத தயிரும் கிடைக்கும்.

கடைசி இரண்டு நாள் மிலான். அங்கே இந்திய உணவகங்கள் இருக்கின்றன, ஒரு வாரப் பாஸ்தாவுக்குப் பிறகு அது தேவைப்படும். பெரிய தேவாலயத்தின் கூரைக்கு லிஃப்ட் டிக்கெட் தனியாகக் கிடைக்கும். கடைசிப் பகுதியில் கொஞ்சம் படி உண்டு. கோமோவைப் பார்க்காமல் வர மனமில்லை என்றால் இங்கிருந்து ஒரு நாள் போய் வரலாம், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள். வரென்னா வேண்டாம், கோமோ நகரமே போதும். கரை சமதளம். அங்கிருந்து புருனாத்தே குன்றுக்கு 1894இல் ஓடத் தொடங்கிய கயிற்று இழுவை ரயில் இன்றும் ஓடுகிறது. ஏழு நிமிடத்தில் ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறிவிடும். அப்பாவுக்கு இன்னொரு சந்தோஷம்.

எப்போது? மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, அல்லது செப்டம்பர். மே மாதத்தில் மழை உண்டு, குடையும் ஸ்வெட்டரும் வேண்டும். இருட்டுவதற்கு ஒன்பது மணி ஆகும் என்பதால் மழை விட்ட பிறகும் நாள் மிச்சமிருக்கும். தீவு அரண்மனைகள் நவம்பர் தொடங்கி மார்ச் நடுவரை மூடியிருக்கும். விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நெருக்கத்தில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் ஜனவரியிலேயே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அப்பாவுக்கு எடுக்கும்போது ஏற்கனவே உள்ள சர்க்கரை நோய்க்கும் அது பொருந்துமா என்பதைப் படித்துப் பார்த்து எடுங்கள்.

ஹோட்டலுக்கு எழுதும்போது மூன்று கேள்வி கேளுங்கள். லிஃப்ட் தெருத் தளத்திலிருந்தே இருக்கிறதா, அல்லது நாலு படி ஏறிய பிறகா? குளியலறையில் தொட்டியா, நின்று குளிக்கும் ஷவரா? பழைய ஹோட்டல்களில் தொட்டியின் விளிம்பு உயரம், அம்மா காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. மூன்றாவது, ஏரி தெரியும் பால்கனி உண்டா? அதற்கு விலை நிச்சயம் கூடும். ரோமையும் வெனிஸையும் விட்டதில் மிச்சமாகும் பணத்தை அந்தப் பால்கனிக்குக் கொடுங்கள்.